பங்காளிச் சண்டையா, சடங்கா? ஹட்செப்சுட் சிலைகளை ஏன் உடைத்தார்கள்?

கீழ்வானம் (இழையைத் தொடங்கியவர்)

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவைப் போன வாரம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். எகிப்துப் பகுதியில், பழைய எகிப்தை மன்னராக ஆண்ட ஹட்செப்சுட் என்ற பெண்ணின் சிலைகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. அதில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் அமர்ந்த நிலையில் ஒரு சிலை, உயரம் 195 செ.மீ. ஒல்லியான உடல், சின்ன முகவாய், தலையில் மன்னர்கள் கட்டும் நெமெஸ் துணி. எனக்கு அதைப் பார்த்ததும் அழகு என்று மட்டும்தான் தோன்றியது. அப்பா பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் கட்டடம் பார்த்தவர். கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "இது முழுக் கல் இல்லம்மா, ஒட்டு வேலை. பூச்சு நிறத்தைப் பாரு" என்றார்.

அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. நெற்றியில் இருக்க வேண்டிய நாகம் உடைத்து எடுக்கப்பட்டிருக்கிறது. உடம்பு பல துண்டுகளாகக் கிடந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் இருந்த கருங்கல் சிலைகளிலும் இதே கதைதான்: ஒட்டு, பூச்சு, ஒட்டு.

யார் உடைத்தார்கள் என்று அப்பா கேட்டார். கணவனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் துட்மோஸ் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் சொன்னேன். "பங்காளிச் சண்டைதானா" என்று சொல்லிவிட்டு அடுத்த சிலைக்குப் போய்விட்டார். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அவ்வளவு கோபம் இருந்தால் முதலில் முகத்தைத்தானே சிதைப்பார்கள்? இங்கே பல முகங்கள் நன்றாகவே இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையகணக்கு

கதை எளிமையானதுதான் சகோதரி. முதலாம் துட்மோஸின் மகள் ஹட்செப்சுட். இரண்டாம் துட்மோஸை மணந்தார், அவர் இவருக்குத் தகப்பன் வழியில் பாதிச் சகோதரன். அவர் போய்ச் சேர்ந்தபோது வாரிசு இன்னொருத்தியின் பிள்ளை, சின்னப் பையன். பையனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தவர், சில வருடங்களில் தானே முடிசூட்டிக்கொண்டார். சுமார் கி.மு. 1479 முதல் 1458 வரை எழுந்திருக்கவே இல்லை. பையன் வளர்ந்து பெரிய வீரனாகி, சித்தி கண்ணை மூடியதும் இருபது வருட ஆத்திரத்தையும் கல்லில் காட்டினான். சக்களத்தி மகனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

தேய்ர் எல்-பாஹ்ரியில் ஹட்செப்சுட் கட்டிய கோயில் வாசலில் அவ்வளவு சிலைகளையும் இழுத்துப் போட்டு நொறுக்கிக் குழியில் தள்ளியிருக்கிறார்கள். அதைத் தோண்டியெடுத்த மெட்ரோபாலிட்டன் குழுத் தலைவர் வின்லாக்கும் பழிவாங்கல் என்றுதான் எழுதினார்.

---

நூலகப்பூனை

பழையகணக்கு ஐயா, நீங்கள் சொன்ன கதை 1960கள் வரை பாடமாகவே இருந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. "கண்ணை மூடியதும்" என்பதுதான் அது.

சார்ல்ஸ் நிம்ஸ் என்ற அமெரிக்க எகிப்தியலாளர் 1966ல் ஒரு கட்டுரை எழுதினார். கர்நாக் பெருங்கோயிலில் எந்தச் சுவர் எப்போது எழுந்தது, எந்தப் பெயர் எப்போது சுரண்டப்பட்டது என்று கட்டட வரிசையை வைத்துப் பார்த்தார். ஹட்செப்சுட்டின் பெயரை அழிக்கும் வேலை மூன்றாம் துட்மோஸின் 42ஆம் ஆட்சியாண்டுக்கு முன்னால் தொடங்கியதாகச் சொல்ல முடியாது என்பது அவர் கண்டது. ஹட்செப்சுட் இறந்தது 22ஆம் ஆட்சியாண்டு வாக்கில். (இருவரும் ஒரே ஆண்டுக் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள், அதனால் குழம்ப வேண்டாம்.) இடையில் இருபது வருடம்! ஆத்திரம் அவ்வளவு நாள் ஊறுமா என்ன? அந்த இருபது வருடத்தில் மெகிடோ போர் நடந்தது, சிரியாப் பக்கம் படையெடுப்பு மேல் படையெடுப்பாகப் போனார். சித்தியின் சிலைகள் அதுவரை கோயிலில் நின்றுகொண்டுதான் இருந்தன.

இன்னொன்று. சுவர்களில் அவர் பெயரைச் சுரண்டிய இடத்தில் மூன்றாம் துட்மோஸ் பெரும்பாலும் தன் பெயரைப் போடவில்லை. தாத்தா முதலாம் துட்மோஸ், அப்பா இரண்டாம் துட்மோஸ், இந்த இருவர் பெயரைத்தான் போட்டார். இதில் எனக்குக் கோபத்தைவிடப் பட்டா மாற்றுகிறவரின் வேலைதான் தெரிகிறது. தாத்தா, அப்பா, நான், என் மகன் என்று நேர்க்கோடாகக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு பெண் அரசர் இருந்தால் கோடு வளைகிறது. மகன் இரண்டாம் அமென்ஹோடெப்புக்கு வழியைச் சீராக்கத்தான் இதைச் செய்தார் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து, எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது.

கீழ்வானம் கேட்ட முகம் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி சரியான கேள்வி. 2025ல் ஆண்டிக்குவிட்டி என்ற தொல்லியல் இதழில் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஜுன் யி வோங் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. சிலைகளைப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. 1920களில் மெட்ரோபாலிட்டன் குழு தோண்டியபோது எழுதிய குறிப்புகள், வரைபடங்கள், புகைப்படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்தார். எந்தத் துண்டு எங்கே, எப்படிக் கிடந்தது என்று பார்த்தால் பல சிலைகள் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்ற மூன்று இடங்களில் உடைக்கப்பட்டிருக்கின்றன. முகம் பலவற்றில் பெரிதாக அடிபடவில்லை. மற்ற மன்னர்களின் சிலைகளிலும் இதே முறை தென்படுகிறது, அவர்கள்மேல் யாருக்கும் பகை இல்லாதபோதும்.

எகிப்தியர் சிலையை வெறும் கல்லாக நினைக்கவில்லை. "வாய் திறத்தல்" என்று ஒரு சடங்கு, அதைச் செய்தால் சிலைக்கு மூச்சு வந்துவிடும். பயன் முடிந்த சிலையை அப்படியே தூக்கிப் போட முடியாது, சக்தியை இறக்கிவிட்டுத்தான் புதைக்க வேண்டும். கர்நாக்கில் 1903ல் தொடங்கி லெக்ரேன் ஒரு குழியிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட கல் சிலைகளை எடுத்தாரே, அதிலும் இப்படி உடைத்தவை உண்டு.

---

செந்நெல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "பார்வோன்" என்ற சொல்லே எகிப்திய மொழியில் "பெர்-ஆ" தானே? பெர் என்றால் பெரிய. நம் சொல் அங்கே போயிருக்கிறது. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

---

நூலகப்பூனை

செந்நெல், "பெர்" என்றால் வீடு. "ஆ" என்றால்தான் பெரிய. பெர்-ஆ = பெரிய வீடு, அதாவது அரண்மனை. அரண்மனையைச் சொல்லும் சொல் அரசரைச் சொல்லும் சொல்லாக மாறியது ஏறத்தாழ நாம் பேசும் இந்தத் துட்மோஸ் காலத்தில்தான். நீங்கள் பிடித்தது தவறான பாதி.

---

செந்நெல்

சரி, வாபஸ்.

---

கருங்கல்

ஓசூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. எகிப்து தெரியாது, கல் தெரியும். அதனால் ஒரு சந்தேகம்.

கழுத்து, இடுப்பு, முழங்கால் மூன்றும் எந்தச் சிலைக்கும் மெலிந்த இடம். லாரியிலிருந்து இறக்கும்போது கை நழுவினால் கழுத்தில்தான் போகும். இதற்குச் சடங்கு எதற்கு? மேட்டிலிருந்து குழிக்குள் உருட்டிவிட்டாலே அப்படித்தான் உடைந்திருக்கும். ஆய்வாளர் இதைப் பார்த்தாரா?

---

நூலகப்பூனை

கருங்கல் அண்ணா, நல்ல கேள்வி. நான் படித்த அளவில் சொல்கிறேன், தப்பிருந்தால் நீங்களே திருத்துங்கள்.

எகிப்தியக் கல் சிலைகளில் கழுத்து நீங்கள் நினைக்கும் அளவுக்கு மெலிந்து இருக்காது. நெமெஸ் துணியின் மடிப்பு இரண்டு பக்கமும் தோள்வரை கனமாக இறங்கும், பின்னால் சடை போல ஒரு கட்டு. தாடை நுனியிலிருந்து மார்பு வரை தாடி, அதுவும் கல்லோடு கல்லாக. பல சிலைகளில் முதுகுப் பக்கம் ஒரு தூணையே விட்டு வைத்திருப்பார்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள கல்லைக்கூடக் குடைந்து எடுக்க மாட்டார்கள். உடையக் கூடாது என்று திட்டமிட்டுச் செய்த உருவங்கள் இவை.

கூடவே அளவையும் பாருங்கள். மண்டியிட்ட கிரானைட் சிலைகளில் பெரியது ஒன்று, மண்டியிட்ட நிலையிலேயே இரண்டரை மீட்டருக்கு மேல். சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் ஒன்று ஏறக்குறைய ஏழு டன் எடை, மூன்றரை மீட்டர் அளவுக்கு நீளம். இரும்பு உளி கிடையாது. டோலரைட் என்ற கடினக் கல் உருண்டையால் இடித்து இடித்துத்தான் செதுக்கினார்கள், உடைத்ததும் ஏறக்குறைய அதே சாமானால்தான்.

---

கருங்கல்

முதுகுத் தூண் இருக்கிறது என்றால் பேச்சே வேறு. அப்படியென்றால் தானாக உடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஏழு டன் கிரானைட்டைச் சம்மட்டியும் ஆப்பும் இல்லாமல் துண்டாக்க ஒரு கூட்டம் பல நாள் இடித்திருக்க வேண்டும். கோபத்தில் செய்கிறவன் முதல் நாள் மூக்கை உடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். கூலி கொடுத்துச் செய்யச் சொன்னால்தான் இவ்வளவு பொறுமை வரும்.

ஆனாலும் ஒன்று. மூன்றாக உடைத்துச் சடங்கை முடித்தார்கள் சரி. ஆளுயரத் துண்டு முதல் விரல் அளவுச் சில்லு வரை ஏன் கிடக்கிறது?

---

நூலகப்பூனை

அதற்கும் வோங் பதில் சொல்கிறார். எல்லா உடைப்பும் ஒரே நாளில் நடந்ததில்லை. பிற்காலத்தில் வந்தவர்கள் இந்தத் துண்டுகளை மூலப்பொருளாக எடுத்திருக்கிறார்கள், கட்டுமானத்துக்கு, கருவிக்கு. நல்ல கல் சும்மா கிடந்தால் விடுவார்களா! அந்தச் சேதத்தையும் சேர்த்துத் துட்மோஸ் கணக்கில் எழுதிவிட்டோம் என்பதுதான் கட்டுரையின் சாரம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே "ஹட்செப்சுட்டுக்கு எதிராக ஒன்றுமே நடக்கவில்லை" என்று யாராவது பகிர்வார்கள். நடந்தது. சுவரில் உருவத்தைக் கொத்தி எடுத்தார்கள், பெயரை மாற்றினார்கள். கர்நாக்கில் அவர் நிறுத்திய ஒற்றைக்கல் தூபிகளை (ஒபெலிஸ்க்) சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். அபிடோஸ் கோயில் சுவரில் உள்ள மன்னர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. வோங்கும் அரசியல் காரணத்தை மறுக்கவில்லை. சிலை உடைத்த விதத்தில் மட்டும் தனிப்பட்ட வன்மத்தைத் தேட வேண்டாம் என்கிறார்.

---

பழையகணக்கு

அப்படியானால் நெற்றி நாகம்? கீழ்வானம் பார்த்த வெள்ளைச் சிலையில் அதைத் தேடிப் பிடித்து உடைத்திருக்கிறார்களே. கழுத்து, இடுப்பு, முழங்கால் பட்டியலில் நெற்றி வரவில்லை. முகத்தை விட்டுவிட்டு நாகத்தை மட்டும் கொத்தியவன் என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்திருக்கிறான். நாகம் அரச அடையாளம். "நீ மன்னன் இல்லை" என்று சொல்கிற உடைப்பு அது.

என் சக்களத்தி மகன் முழுதாகச் சாகவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

---

நூலகப்பூனை

அந்தப் புள்ளி உங்களுக்கே, ஐயா. பதவியை உரிப்பது அது, வன்மத்திலும் வரலாம், கணக்கிலும் வரலாம். கல்லை வைத்து மனசைப் படிக்க முடியாது.

---

மேற்குவாசல்

எல்லாம் சரி, இந்தச் சிலைகள் ஏன் நியூயார்க்கில் இருக்கின்றன? அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே. திருடிக்கொண்டு போனதைக் காட்சிக்கு வைத்து, டிக்கெட்டும் விற்கிறார்கள்.

---

தாமரைக்குளம்

மேற்குவாசல், இதில் திருட்டு என்ற சொல் ஒட்டாது. அன்றைய எகிப்தில் பங்கீட்டு முறை இருந்தது. வெளிநாட்டுக் குழு தோண்டினால் கிடைத்ததில் ஒரு பங்கு கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு, ஒரு பங்கு தோண்டிய நிறுவனத்துக்கு. அரசின் தொல்பொருள் துறைதான் பிரித்துக் கொடுக்கும். 1922ல் துத்தன்காமன் கல்லறை கிடைத்த பிறகு விதிகள் இறுகின. ஹட்செப்சுட் சிலைகளிலும் கெய்ரோவுக்கு நல்ல பங்கு போயிருக்கிறது. அந்த முறையே ஆதிக்கக் காலத்து ஏற்பாடு, நியாயமா என்று கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் ரசீது இருக்கிறது.

வெள்ளைச் சிலையின் கதை இன்னும் சுற்று. பிரஷ்யாவிலிருந்து 1842 முதல் 1845 வரை லெப்சியஸ் தலைமையில் ஒரு குழு எகிப்தில் சுற்றியது. உடல் பகுதியை அவர்கள் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். தலையில்லாத அரசியாக அது எண்பது வருடத்துக்கும் மேல் அங்கே உட்கார்ந்திருந்தது. 1920களின் பின்பாதியில் வின்லாக் குழு கோயில் முன்னிருந்த பள்ளங்களைத் தோண்டியபோது முகம் கிடைத்தது. இரண்டும் ஒரே சிலை என்று தெரிந்ததும் அருங்காட்சியகங்கள் பண்டமாற்று செய்துகொண்டு 1929ல் உடலும் தலையும் சேர்ந்தன. இன்னொரு சிலையில் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத் துண்டு கடனாக வந்து பொருந்தியிருக்கிறது. ஒரு அரசியை ஒட்ட மூன்று நாடு.

அந்தப் பள்ளங்களுக்குத் தோண்டியவர்கள் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும்: ஒன்று "செனன்மூட் கல்குழி", இன்னொன்று வெறும் "ஹட்செப்சுட் குழி". செனன்மூட் அவருடைய வலக்கை அதிகாரி. அவர் பெயருள்ள குழியில் அவருடைய அரசியின் சிலைகள் மூவாயிரத்து நானூறு வருடம் கிடந்திருக்கின்றன.

---

மேற்குவாசல்

ரசீது எழுதியவனும் அவர்கள் ஆள்தான். அப்போது அந்தத் துறைக்குத் தலைவராகத் தொடர்ந்து பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். இருந்தாலும் விவரத்துக்கு நன்றி.

---

குறும்பன்77

இவங்க மம்மியை ஒரு பல்லை வைத்துக் கண்டுபிடித்தார்களாமே?

---

மட்டுறுத்துநர்

மம்மி பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, 2007 அறிவிப்பும் அதன்மேல் வந்த மறுப்புகளும் அங்கே. இங்கே சிலையோடு நிற்போம்.

---

கீழ்வானம்

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. மண்டியிட்ட சிலைகளில் தாடி, ஆண் இடுப்புத்துணி, அகன்ற மார்பு. வெள்ளைச் சிலையில் மட்டும் பெண் உடம்பு தெரிகிறது. ஆண் மாதிரி வேஷம் போட்டு மக்களை ஏமாற்றினார் என்று எங்களோடு வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவர் சொன்னார். அப்படியா?

---

நூலகப்பூனை

ஏமாற்று என்றால் அதைவிட மோசமான ஏமாற்று உலகத்தில் கிடையாது. பக்கத்திலேயே பெண் என்று எழுதி வைத்திருக்கிறாரே!

அந்தத் தாடியும் நெமெஸும் ஆண் உடை என்பதைவிட மன்னர் சீருடை. கோயிலில் நிற்கிற உருவம் மன்னர் என்ற பதவியைக் காட்ட வேண்டும், அந்தப் பதவிக்குப் படம் ஒன்றுதான் இருந்தது. கர்நாக்கிலிருந்து அமுன் கடவுளை ஆண்டுக்கொரு முறை ஆற்றைக் கடந்து ஊர்வலமாக இந்தக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பாதையோரம் மண்டியிட்டு, கையில் பானையோடு இருக்கும் சிலைகள் அந்தக் கடவுளுக்குப் படைக்கின்றன. எகிப்து மன்னர் மண்டியிடுவது கடவுள் முன்னால் மட்டும்தான்.

இப்போது எழுத்துக்கு வாருங்கள். வெள்ளைச் சிலையின் அரியணையில் மன்னர் பட்டங்கள் பொறித்திருக்கின்றன. வழக்கமாக "நல்ல கடவுள், இரு நாடுகளின் தலைவன்", "ரேயின் உடலில் பிறந்த மகன்" என்று வரும் (ரே என்பது சூரியக் கடவுள்). இங்கே "நல்ல பெண்கடவுள், இரு நாடுகளின் தலைவி", "ரேயின் உடலில் பிறந்த மகள்". எகிப்திய மொழியில் பெண்பாலுக்கு விகுதி "த்". அதற்கான எழுத்து ஒரு ரொட்டி: தட்டையான அடி, மேலே வளைவு. நம் கண்ணுக்குப் பாதியாக நறுக்கிய இட்லி. கடவுளுக்கு ஒரு கொடிக்கம்பம், தலைவனுக்கு ஒரு கூடை, மகனுக்கு ஒரு வாத்து. இவை ஒவ்வொன்றோடும் பாதி இட்லியைச் சேர்த்தால் பெண்கடவுள், தலைவி, மகள். தமிழில் மகன், மகள் என்று ஓர் எழுத்தில் மாறுகிறதே, அதே சிக்கனம்.

1829ல் ஷம்போலியான் அந்தக் கோயிலுக்குப் போனபோது தலையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான். அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தவரே அவர். சுவரில் தாடி வைத்த மன்னர், வாசகத்தில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் பெண்பால்! பெண் ஆண்டிருக்கிறார் என்று அறிஞர்களுக்குப் புரிய வைத்ததே பெண்பால் விகுதிதான். பெயரைச் சுரண்டியவர்கள் சில இடங்களில் இந்த விகுதியைத் திருத்த மறந்துவிட்டார்கள்.

நமக்கு வசதி, "மன்னர், அவர்" என்று எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

---

பழையகணக்கு

இட்லியை வைத்து எகிப்திய இலக்கணம் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

---

கீழ்வானம்

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மறுபடி போனோம். இந்த இழை முழுவதையும் அவருக்கு ரயிலில் படித்துக் காட்டினேன். கருங்கல் எழுதியதற்கு மட்டும் "சரியா சொல்றான்" என்று தலையாட்டினார்.

உள்ளே போனதும் நேரே வெள்ளைச் சிலையிடம் போய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அரியணை எழுத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாகம் இருந்த இடத்தில் கல் சொரசொரப்பாக இருக்கிறது, அதற்குக் கீழே புருவமும் கன்னமும் வழவழப்பு. நாலு விரல் இடைவெளிகூட இல்லை. பழையகணக்கு சொன்னதும் நூலகப்பூனை சொன்னதும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்று தோன்றியது.

பத்து நிமிடம் கழித்து அப்பா கூப்பிட்டார். "இங்க பாரு, வாத்து. பக்கத்துலயே இட்லி." கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். அப்புறம் கிரானைட் சிலை ஒவ்வொன்றின் பின்பக்கமும் போய், ஒட்டு எங்கே ஓடுகிறது என்று பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

---

கருங்கல்

கழுத்து ஒட்டைப் பக்கவாட்டில் எடுத்த படம் இருந்தால் போடுங்கள் அம்மா. உடைந்த பரப்பைப் பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

---

கீழ்வானம்

இருக்கிறது அண்ணா. ஆனால் அது அப்பா போனில் இருக்கிறது, போன் இப்போது விமானத்தில் இருக்கிறது. நாளை மறுநாள் போடுகிறேன்.